டிரைவிங் ஸ்கூல் நடத்துவோருக்கு: கடைசி வகுப்பில் டேஷ்போர்டைத் திறந்து காட்டுங்கள்

தமிழ்நாட்டில் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் உரிமையாளர்களுக்கும், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இரண்டாவது பிரேக்கில் கால் வைத்திருக்கும் பயிற்றுநர்களுக்கும் வணக்கம்.

கிளட்ச், கியர், ரிவர்ஸ், மேட்டில் நிறுத்தி எடுப்பது எல்லாம் நன்றாகவே சொல்லித் தருகிறீர்கள். வண்டி இடித்துவிட்டால் கையில் என்ன இருக்க வேண்டும் என்பது மட்டும் பாடத்தில் வருவதில்லை. மோட்டார் கிளெய்ம் வேலை பார்க்கும் எங்களுக்கு உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: கடைசி வகுப்பில் அரை மணி நேரம் வண்டியை ஓரங்கட்டி, பேப்பர்களை மாணவர் மடியில் வைத்துப் பேசுங்கள்.

"எல்லாம் போனில் இருக்கு சார்" என்பார்கள். தவறில்லை. 2018-இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதி 139-இன்படி டிஜிலாக்கர், எம்பரிவாகன் என்ற அரசு ஆப்களில் காட்டினால் செல்லும். கேலரியில் கிடக்கும் போட்டோ அந்தக் கணக்கில் வராது. இந்த வேறுபாட்டையே பலர் அறிவதில்லை. விபத்தில் முதலில் உடைவதும் பெரும்பாலும் போன்தான். டிரைவர் மயங்கிவிட்டால், பூட்டிய போனை யார் திறப்பது? ஆகவே போனில் ஒன்று, டேஷ்போர்டில் ஜெராக்ஸ் ஒன்று என்று இரண்டும் இருக்கட்டும்.

ஒரிஜினல் ஆர்.சி. வீட்டில் இருக்கட்டும். வண்டி திருடுபோனால் இன்சூரன்ஸ் கம்பெனி கேட்பது ஒரிஜினல் ஆர்.சி.யும் இரண்டு சாவிகளும். ஆர்.சி. வண்டியோடு போய்விட்டால் டூப்ளிகேட்டுக்கு அலைய வேண்டும். லைசென்ஸ் பர்ஸில் இருக்கட்டும். பாலிசியில் வாகன விவரமும் காலமும் உள்ள முதல் பக்கங்கள் போதும், முழுக் கட்டு வேண்டாம். பொல்யூஷன் சர்டிஃபிகேட் ஜெராக்ஸ் ஒன்று. டாக்சி என்றால் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), பெர்மிட் இரண்டும். எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில். வெயிலில் கண்ணாடியோரம் போட்டு வைத்தால் மை மங்கிவிடும்.

பேப்பர் இருந்தால் மட்டும் போதாது, பொருந்த வேண்டும். பாலிசியையும் ஆர்.சி.யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வண்டியின் அடையாளமான சேஸிஸ் எண்ணை விரல் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். இப்போதைய கார்களில் அது எண்ணும் எழுத்தும் சேர்ந்து 17. அதில் ஐ, ஓ, கியூ என்ற ஆங்கில எழுத்துகள் வரவே வராது. பாலிசியில் பூஜ்யத்துக்குப் பதில் ஓ இருந்தால் டைப் பிழை என்று அங்கேயே தெரிந்துவிடும். இதை இன்று திருத்த ஒரு மெயில் போதும். இடித்த பிறகு என்றால் விளக்கக் கடிதம், சரிபார்ப்பு என்று நாள் ஓடும். சி.என்.ஜி. கிட் பொருத்தியிருந்தால் அது ஆர்.சி.யிலும் ஏற வேண்டும், பாலிசியிலும் ஏற வேண்டும்.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்குகிறவர்களிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். ஆர்.சி. பெயர் மாறினால் இன்சூரன்ஸும் தானாக மாறிவிடும் என்று நினைக்கிறார்கள். எதிராளிக்கான தேர்ட் பார்ட்டி காப்பு சட்டப்படி தொடரும். சொந்த வண்டியின் சேதத்துக்கான காப்பு அப்படித் தொடராது. 14 நாளுக்குள் கம்பெனிக்குத் தெரிவித்துப் பாலிசியைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். பழைய ஓனர் பெயரிலேயே பாலிசி இருந்தால் பம்பர் செலவு கைக்காசுதான்.

பொல்யூஷன் சர்டிஃபிகேட் இல்லாவிட்டால் கிளெய்ம் கிடைக்காது என்பது வாட்ஸ்அப் வதந்தி. அதை மட்டும் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்று இன்சூரன்ஸ் துறையின் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2020-இலேயே தெளிவுபடுத்தியது. அபராதம் வேறு கதை.

இனி, இடித்த நேரம். மோட்டார் வாகனச் சட்டம் 134-ஆம் பிரிவு வரிசையைச் சொல்கிறது. அடிபட்டவருக்கு முதலில் சிகிச்சை, அதாவது 108. பிறகு போலீஸுக்குத் தகவல், அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள். அடுத்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தகவல்: பாலிசி எண், அதன் காலம், விபத்து நடந்த தேதி, நேரம், இடம், அடிபட்டவர் விவரம், ஓட்டியவர் பெயர், லைசென்ஸ் விவரம். கை நடுங்கும் அந்த நேரத்தில் இவ்வளவும் நினைவில் வராது என்பதால்தான் ஜெராக்ஸ்.

வண்டியை நகர்த்துவதற்கு முன் நான்கைந்து போட்டோ. இரண்டு வண்டியின் நம்பர் பிளேட்டும் ரோடும் ஒரே படத்தில் விழுகிற மாதிரி தூரத்திலிருந்து ஒன்று, சேதம் கிட்டத்தில் ஒன்று. எதிர் வண்டியின் நம்பரை எம்பரிவாகனில் போட்டால் அதன் இன்சூரன்ஸ் எதுவரை என்று தெரியும். கூட்டம் கூடியதும் "பேசி முடிச்சுக்கலாம்" என்று ஒருவர் ஆரம்பிப்பார். கம்பெனியின் சம்மதம் இல்லாமல் தவறை ஒப்புக்கொள்வதோ பணம் கொடுப்பதோ பாலிசி நிபந்தனைக்கு விரோதம். வெள்ளைத்தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம்.

யாருக்காவது காயம் என்றால் போலீஸ் வண்டியை பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) பார்வைக்கு அனுப்பும். அப்போதும் இதே பேப்பர்கள்தான். ஸ்டேஷனில் புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோ எஃப்.ஐ.ஆர். நகலோ வாங்காமல் கிளம்பக் கூடாது. சேதத்தை மதிப்பிடும் இன்சூரன்ஸ் சர்வேயர் பார்க்கும் முன் ஒர்க்‌ஷாப்பில் கழற்ற ஆரம்பிப்பது அடிக்கடி நடக்கும் தப்பு. கழற்றிய பிறகு எது விபத்தில் உடைந்தது, எது பழைய உடைசல் என்று பிரிக்க முடியாது.

ஒரு ஏ4 தாள் அச்சடித்துக் கொடுங்கள். வண்டி நம்பர், பாலிசி எண், பாலிசி முடியும் தேதி, கம்பெனியின் கிளெய்ம் போன் எண், வீட்டில் கூப்பிட வேண்டியவர் எண், ரத்த வகை. மாணவரே பேனாவால் நிரப்பட்டும். பாலிசி முடியும் தேதியை மட்டும் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். அது வருஷா வருஷம் மாறும்.

இப்படிக்கு,
மோட்டார் கிளெய்ம் வேலை பார்ப்போர் சிலர்