வீட்டுப் பரிசோதனை: 15ஆம் திகதி ஞாயிறு காலை 9 மணி

எல்லோருக்கும் வணக்கம். பெருமழைக்கு முன் நம் மேல் பிரிவு வீடுகளை ஒரு தடவை பார்த்துவிடுவோம். கோயிலடியில் தொடங்குகிறோம். மேசன் பாஸும் வயரிங் வேலை தெரிந்த தம்பியும் வருகிறார்கள்.

1. ட்ரிப் சுவிட்சின் (மின்சாரம் கசிந்தால் தானாக விழும் சுவிட்ச்) டெஸ்ட் பொத்தானை இன்றே அழுத்திப் பாருங்கள். சுவிட்ச் விழாவிட்டால் பழுது. 230 வோல்ட், விளையாட்டில்லை.

2. கேஸ் குழாய் மூட்டுகளில் சவர்க்கார நுரை தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. நெருப்புக்குச்சி கொளுத்திப் பார்க்கவே வேண்டாம்.

3. சுவர் வெடிப்பின் இரு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டு, திகதி எழுதுங்கள். நீள்கிறதா என்பது அதில்தான் தெரியும். ஆட்கள் வருகிறார்கள் என்று பூசி மறைக்காதீர்கள் (வெள்ளையடித்து வரவேற்க இது கல்யாணமில்லை!).

4. பின்பக்கக் கானைத் துப்புரவாக்குங்கள். மண்மேட்டில் வெடிப்பு, புதிதாகச் சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று என்று மண்சரிவு அறிகுறி ஏதும் இருந்தால் படம் எடுத்து இங்கே போடுங்கள். மழை நேரத்தில் கண்டால் ஞாயிறுவரை பார்த்திருக்காமல் உடனே வெளியேறி 117க்கு (அனர்த்த முகாமைத்துவ நிலையம்) அழையுங்கள்.

5. அஸ்பெஸ்டாஸ் ஷீட்டைத் துளைக்க வேண்டாம், தூசு நெஞ்சுக்கு ஆகாது.

வெள்ளி இரவுக்குள் வீட்டு இலக்கத்துடன் "சரி" என்று பதில் போடுங்கள். அப்புறம், கொழும்பில் வேலை செய்பவர்கள் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுக்கச் சொல்லுங்கள்.