ஐந்து ரீலையும் ஓடவைத்த கைகளுக்கு நன்றி

அன்புடையீர்,

1939இல் ஈலிங் ஸ்டூடியோவில் எடுத்த 'டிரபிள் புரூயிங்' படத்தை, லண்டனில் 35 மி.மீ. பிரிண்ட்டிலேயே தமிழ் சப்டைட்டிலோடு காட்ட முடிந்தது. கள்ள நோட்டுக் கும்பலைத் துரத்தும் அச்சுக்கோப்பாளராக, ஆங்கில நகைச்சுவை நடிகரும் பாடகருமான ஜார்ஜ் ஃபார்ம்பி. இடையிடையே அவருடைய பாட்டும் பாஞ்சோ யுகுலேலே என்ற சிறு நரம்பு வாத்தியமும். இருட்டில் உழைத்தவர்களை எல்லோரும் அறிய வேண்டும்.

பிரிண்ட்டைச் சோதித்த அம்மையாருக்கு முதல் வணக்கம். 87 நிமிடப் படம் ஏறக்குறைய 7,800 அடி. அத்தனையையும் கையால் சுற்றி, கிழிந்த ஓரத் துளைகளையும் காய்ந்து பிரிந்த பழைய ஒட்டுகளையும் தேடிச் சரிசெய்தார். சேதம் அதிகம் இருந்தது ரீல்களின் முனையில்தான். ரீல் முடிய 8 விநாடி இருக்கும்போது வலது மேல் மூலையில் ஒரு புள்ளி வரும். அடுத்த ரீல் மாட்டியிருக்கும் புரொஜக்டரின் மோட்டாரை அப்போது ஓடவிட வேண்டும். ஒரு விநாடி இருக்கும்போது இன்னொன்று; அப்போது படத்தை அந்தப் புரொஜக்டருக்கு மாற்ற வேண்டும். முனை தேய்ந்தால் புள்ளிகளும் போய்விடும். அவை இல்லாத ரீல்களுக்குக் கடைசி வசனங்களை எழுதிக் கொடுத்தார். நான்கு மாற்றத்திலும் ஒரு சொல்கூட விழவில்லை.

ஆபரேட்டர் ஐயா, படச்சட்டத்தின் அகலத்தை உயரத்தைப்போல் 1.37 மடங்காக வைக்கும் 1.37 தட்டையும் அதற்கேற்ற லென்ஸையும் தேடிப் பொருத்தினார். வழக்கமான 1.85 தட்டில் ஓட்டியிருந்தால் மேலே தலை வெட்டுப்படும். கீழே, நரம்பை மீட்டும் விரல்களே போய்விடும். ஃபார்ம்பி படத்தில் விரல் தெரியாவிட்டால் பாட்டைப் பார்த்தும் பயனில்லை. பழைய ஒற்றை ஒலித்தடத்துக்கு இரைச்சலைக் குறைக்கும் 'அகாடமி' ஒலி அமைப்பையும் மறக்காமல் போட்டார். இல்லையேல் இரைச்சல் வசனத்தை விழுங்கியிருக்கும்.

படத்தைப் பார்த்துக்கொண்டே சப்டைட்டிலை ஒவ்வொன்றாகக் கையால் திரைக்கு விட்ட தம்பிக்கும் நன்றி. ஃபிரேம்கள் உதிர்ந்த பிரிண்ட்டில் கணினி நேரக்கணக்கு செல்லாது. ஃபார்ம்பியின் குறும்பு வரியின் கடைசிச் சொல்லில் இருக்கிறது. எழுத்து முந்தினால் அவர் வாய் திறக்குமுன் அரங்கு சிரித்துவிடும். 'ஃபேன்லைட் ஃபேனி' பாட்டுக்கு நேர்பொருளை விட்டு மோனையைப் பிடித்த மொழிபெயர்ப்பாளரின் முடிவே சரி. தலைப்பை 'காய்ச்சல்' என்று வைத்ததும் அவர்தான். 'புரூயிங்' குறிக்கும் பீர் காய்ச்சுவதும் வம்பில் ஒருவரைக் காய்ச்சி எடுப்பதும் அந்த ஒரே சொல்லில் அடங்கின.

செங்குத்தான படிகளில் ஐந்து பெட்டிகளையும் கேபினுக்குத் தூக்கிச் சென்று, மறுநாள் எண் மாறாமல் திருப்பி ஒப்படைத்த இரு நண்பர்களுக்கும் எங்கள் அன்பு.

திரையிடல் குழுவினர்