ட்ரயல்ஸ் புல்லட்டா? முதலில் பல்லை எண்ணுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய புல்லட்டை ட்ரயல்ஸ் வண்டியாக மாற்றுவது எப்படி என்று உங்கள் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன. தூக்கிக் கட்டிய சைலன்சர், ஒற்றை சீட், குறுக்குக் கம்பி வைத்த ஹேண்டில்பார், பட்டன் டயர் என்று எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொன்னவர் கியரைப் பற்றி மட்டும் ஒரே வரியில் முடித்துவிட்டார். 'முன் ஸ்பிராக்கெட்டைச் சின்னதாக்கினால் எஞ்சின் பவர் கூடும்' என்பது அந்த வரி. ஸ்பிராக்கெட் என்பது செயின் மாட்டும் பல்சக்கரம். அந்த வரியும் தப்பு. ஸ்பிராக்கெட்டை மாற்றினால் எஞ்சினுக்கு ஒரு குதிரைச் சக்திகூட ஏறாது. சக்கரத்துக்குப் போய்ச் சேரும் இழுவை கூடும், அதே அளவுக்கு வேகம் குறையும், அவ்வளவுதான் கணக்கு.

இதற்காக ஒரு கடிதமா என்று கேட்பீர்கள். நான் லேத் பட்டறை வைத்திருப்பவன். இந்த மாதிரிக் கட்டுரை வந்த மறுவாரமே பையன்கள் பின் சக்கரத்துப் பல்லோடு சேர்ந்த பிரேக் டிரம்மைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள், எத்தனை பல் வேண்டும் தம்பி என்று கேட்டால் 'பெருசா போடுங்கண்ணே' என்பார்கள். பெருசு என்பது அளவா?

ட்ரயல்ஸ் என்றால் ரேஸ் இல்லை. யார் முதலில் வருகிறார் என்பது அங்கே பேச்சே இல்லை. பாறை, ஓடை, சேறு, மரவேர் என்று கயிறு கட்டி ஒதுக்கிய பகுதிக்குள் காலைக் கீழே ஊன்றாமல் வண்டியை ஓட்டிக்கொண்டு வெளியே வர வேண்டும். ஒரு முறை ஊன்றினால் ஒரு புள்ளி, இரண்டு முறைக்கு இரண்டு, அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் மூன்று, விழுந்தாலோ பகுதியை முடிக்காமல் விட்டாலோ ஐந்து. குறைந்த புள்ளி வாங்கியவர் ஜெயித்தார். ஸ்காட்லாந்தில் ஃபோர்ட் வில்லியம் ஊரைச் சுற்றி ஆறு நாள் நடக்கும் போட்டிதான் இதில் மிகப் பெயர் பெற்றது. அதில் 1952-லும் 1957-லும் ஜானி பிரிட்டன் ஜெயித்தது 350 சிசி ராயல் என்ஃபீல்டு புல்லட்டில். 1955 வாக்கில் திருவொற்றியூரில் நம் ஆட்கள் பூட்ட ஆரம்பித்த அதே குடும்பத்து வண்டி. ஆகவே புல்லட்டை ட்ரயல்ஸ் ஆக்குவது ஒன்றும் வேடிக்கையான ஆசை கிடையாது, அதற்குப் பிறப்பிலேயே அந்த உரிமை உண்டு. நம் தெருவில் ஓடும் புல்லட்டின் கியர் மட்டும் ரோட்டுக்காகப் போட்டது.

எப்படி என்று பார்ப்போம். நான் சொல்வது நாலு கியர் உள்ள பழைய காஸ்ட் அயன் (வார்ப்பிரும்பு) எஞ்சின் 350, வலது காலில் கியர் போடும் வண்டி. எஞ்சின் ஸ்பிராக்கெட்டில் 25 பல், கிளட்சில் 56 பல், எஞ்சின் 2.24 சுற்று சுற்றினால் கிளட்ச் ஒரு சுற்று. முதல் கியரின் விகிதம் 2.78. கியர்பாக்ஸிலிருந்து வெளியே வரும் ஸ்பிராக்கெட்டில் பெரும்பாலும் 16 பல், பின் சக்கரத்தில் 38, வகுத்தால் 2.375. மூன்றையும் பெருக்கினால் 14.8 வருகிறது. அதாவது முதல் கியரில் பின் சக்கரம் ஒரு சுற்று சுற்ற எஞ்சின் ஏறக்குறைய பதினைந்து சுற்று சுற்ற வேண்டும். 3.25-19 டயர் (அகலம் 3.25, ரிம் 19 அங்குலம்) ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேல் போகும். ஆக்சிலேட்டரைத் தொடாமல் எஞ்சின் நிமிடத்துக்கு 900 சுற்றில் ஐடிலிங் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் வண்டி மணிக்கு ஏழரைக் கிலோமீட்டர் வேகத்தில் போகும். மனிதன் நடக்கிற வேகம் ஐந்து.

இந்த ஏழரைக்கும் ஐந்துக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான் எல்லாமே. பாறைக்கு நடுவே வளைந்து திரும்பும்போது நடையைவிட மெதுவாகக்கூடப் போக வேண்டியிருக்கும். ஐடிலிங்கிலேயே ஏழரையில் போகிற வண்டியை அங்கே எப்படி அடக்குவீர்கள்? கிளட்சைப் பாதி பிடித்துத்தான். ஒரு பகுதி முழுக்க அரை கிளட்சில் போனால் பிளேட் சூடாகும், சூடானால் கிளட்ச் முழுசாக விடாது, நியூட்ரல் விழாது, அப்புறம் பாறை மேல் உட்கார்ந்துகொண்டு கேபிளைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். புல்லட்டின் பிளைவீல், அதாவது எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் சக்கரம், கனமானது. மெதுவாகச் சுற்றினாலும் பொசுக்கென்று அணையாமல் 'டப், டப்' என்று இழுத்துக்கொண்டே போகும் குணம் அதற்கு இருக்கிறது. அந்தக் குணத்தை வேலை செய்ய விடுவதற்குத்தான் கியரை இறக்குகிறோம். கிளட்சைத் தொடாமல் பாறை ஏறும் வண்டி, கையில் இரண்டு விரலை மிச்சப்படுத்திக் கொடுக்கும்.

சரி, எவ்வளவு இறக்குவது? முன்னால் ஒரு பல் குறைத்து 15 போட்டால் அந்த 14.8 என்பது 15.8 ஆகும், எண் ஏறினால் கியர் இறங்கியது என்று அர்த்தம். இரண்டு பல் குறைத்து 14 போட்டால் 16.9. இதிலேயே திருப்திப்பட்டுக்கொள்கிறவர்கள் அதிகம், ஏனென்றால் முன் ஸ்பிராக்கெட் விலை குறைவு. ஆனால் வேலை குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். இந்த வண்டியில் அந்த ஸ்பிராக்கெட் கிளட்சுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது, எஞ்சினையும் கிளட்சையும் இணைக்கும் செயின் இருக்கும் பிரைமரி கேஸைத் திறந்து ஆயிலை வடித்துக் கிளட்சையே கழற்றினால்தான் கை போகும். அத்தனையும் செய்து 14 போட்டாலும் ஐடிலிங்கில் ஆறரைக்குக் கீழே வராது. பல் குறையக் குறைய செயின் இன்னும் இறுக்கமாக மடங்கிச் சுற்ற வேண்டியிருக்கும், சீக்கிரம் நீளும்.

பின்னால் 46 போட்டு முன்னால் 15 வைத்தால் மொத்தம் 19.1. ஐடிலிங்கில் 5.8 கிலோமீட்டர், கிட்டத்தட்ட வேகநடை. முன்னால் 14 என்றால் 20.5, வேகம் 5.4. இதைக் கேட்டதும் எல்லோரும் 14-46 என்றுதான் சொல்வார்கள். நான் 15-46 என்பேன். காரணம் டாப் கியர். 60 கிலோமீட்டர் வேகத்துக்கு, கம்பெனி கியரில் எஞ்சின் 2,600 சுற்று ஓடும். 15-46-ல் அதே அறுபதுக்கு 3,370, 14-46-ல் 3,600. வண்டியை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போய் மலையடிவாரத்தில் இறக்குகிறவருக்கு இது கவலையில்லை. ஆனால் நம்மில் முக்கால்வாசிப் பேர் வீட்டிலிருந்து அதே வண்டியில் ஏலகிரிக்கோ கொல்லிமலைக்கோ ஓட்டிக்கொண்டு போய், அங்கே ஓடையில் இறக்கி விளையாடிவிட்டு, மறுபடி அதிலேயே ஏறி வீடு திரும்புகிறவர்கள். மூன்று மணி நேரம் 3,600-ல் ஓடும் பழைய புல்லட்டில் உட்கார்ந்து பார்த்தவருக்குத் தெரியும், இறங்கும்போது உள்ளங்கை தனியாக ஆடும்.

ஸ்காட்லாந்துப் போட்டியிலும் இதே இழுபறிதான். பகுதிக்கும் பகுதிக்கும் நடுவில் ரோட்டிலும் காட்டுப் பாதையிலும் அதே வண்டியில்தான் போக வேண்டும். அதனால்தான் அந்தக் காலத்து பிரிட்டிஷ் ட்ரயல்ஸ் வண்டிகளில் வைடு ரேஷியோ கியர்பாக்ஸ் போட்டார்கள், முதல் கியர் நன்றாகத் தாழ்ந்திருக்கும், டாப் கியர் ரோட்டுக்கு ஒத்துவரும். நம்மிடம் அந்தப் பெட்டி இல்லை. ஸ்பிராக்கெட்டை எப்படி மாற்றினாலும் நாலு கியரும் சேர்ந்துதான் இறங்கும், கியருக்கும் கியருக்கும் இடையில் உள்ள தூரம் அப்படியே இருக்கும். முதலிலிருந்து இரண்டாவதுக்குப் போனால் ஒன்றரை மடங்கு பாய்ச்சல், அதை வெளியிலிருந்து எந்தப் பல்லாலும் குறைக்க முடியாது.

அதனால் முதல் கியரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டாவதையும் பாருங்கள். ஈரப் பாறையிலும் களிமண்ணிலும் முதல் கியர் எதிரி. இழுவை அதிகம் என்பதால் ஆக்சிலேட்டரைத் துளி திருப்பினாலும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிப் பள்ளம் தோண்டும். தெரிந்தவர்கள் அங்கே இரண்டாவதில்தான் போவார்கள். 15-46-ல் இரண்டாவது கியரின் மொத்தம் 12.6, ஐடிலிங்கில் எட்டரைக்குப் பக்கம், சேற்றுக்கு அது போதும். கம்பெனி கியரில் இரண்டாவது 9.8, அதில் சேறு ஏற முயன்றால் எஞ்சின் திணறி அணையும். ரொம்பவும் இறக்கிவிட்டால் இன்னொரு தொல்லை, இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டதும் எஞ்சின் பின் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும், டயர் வழுக்கும், வண்டி குறுக்கே திரும்பும்.

இப்போதைய ட்ரயல்ஸ் வண்டிகளோடு ஒப்பிட்டு யாரும் குழப்பிக்கொள்ள வேண்டாம். டோனி பௌ 2007 முதல் 2024 வரை ஒவ்வொரு வருடமும் உலகப் பட்டம் வாங்கினாரே, அந்த மான்டேசா போன்ற வண்டிகள் வேறு ஜாதி. எடை புல்லட்டில் பாதிகூட வராது, சீட்டே கிடையாது. முன்னால் பத்து, பதினொரு பல், பின்னால் நாற்பதுக்கு மேல். அங்கே முன்னால் ஒரு பல் மாற்றுவது பின்னால் நாலு பல் மாற்றுவதற்குச் சமம். புல்லட்டில் 16-லிருந்து 15-க்கு வருவது பின்னால் இரண்டரைப் பல்லுக்குத்தான் சமம். யூடியூபில் வெள்ளைக்காரர் 'ஒரு பல் குறைத்தேன், வண்டியே மாறிவிட்டது' என்று சொல்வதை நம்பி நம் வண்டியில் ஒரு பல் குறைத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

டயரையும் இதில் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும், கட்டுரையில் இது இல்லவே இல்லை. 3.25-க்குப் பதில் 4.00-19 பட்டன் டயர் மாட்டினால் சுற்றளவு ஐந்து சதவீதம் கூடும். அது முன்னால் கிட்டத்தட்ட ஒரு பல் ஏற்றியதற்குச் சமம். முன்னால் ஒரு பல்லைக் குறைத்துவிட்டுத் தடித்த டயரையும் மாட்டினால், கிளட்சைக் கழற்றி மாட்டிய கூலி தண்டம்.

உங்கள் வண்டியில் எத்தனை பல் இருக்கிறது என்று கழற்றாமலே பார்க்கலாம். பிளக்கைக் கழற்றிவிடுங்கள். பாயின்ட் (பிளக்குக்கு ஸ்பார்க் கொடுக்கும் தொடுமுனை) மூடியைத் திறந்து வையுங்கள். பின் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு, முதல் கியரைப் போட்டு, கோடு ஒரு முழுச் சுற்று வரும் வரை வண்டியைத் தள்ளுங்கள், ஒருவர் குனிந்து பாயின்ட் கேம் எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணட்டும். கேம் எஞ்சினில் பாதி வேகத்தில் சுற்றும், அதனால் எண்ணியதை இரண்டால் பெருக்கினால் மொத்த விகிதம் கிடைக்கும். கேம் ஏழரைக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றினால் 16-38. எட்டைத் தொட்டால் யாரோ ஏற்கெனவே 15 போட்டுவிட்டார்கள். கைமாறி வந்த வண்டிகளில் இது சகஜம், முன்னால் வைத்திருந்தவர் என்ன செய்தார் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

கடைசியாக என் தொழில் சம்பந்தப்பட்ட விஷயம். புல்லட்டின் பின் ஸ்பிராக்கெட் தனியாகக் கழன்று வராது, பிரேக் டிரம்மோடு ஒரே துண்டு. 46 போட வேண்டுமானால் பழைய பல்லை லேத்தில் சீவி எடுத்து, படி வெட்டி, அதன் மேல் புது ரிங்கை உட்கார வைத்து போல்ட் போட வேண்டும். ரிங்கை வெல்டிங் வைத்து ஒட்டிக் கொடுக்கிறார்கள் சிலர். அப்படி ஒட்டிய டிரம் ஒன்று என்னிடம் வந்தது, ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பார்த்தால் முள் ஒன்றரை மில்லி ஆடியது, உள்ளே பிரேக் பிடிக்கும் முகமும் சூட்டில் கோணியிருந்தது. அது ரிப்பேருக்கு லாயக்கில்லை, தூக்கிப் போட வேண்டியதுதான். பிரேக்கோடு சேர்ந்த பாகம் என்பதை மறந்துவிடக் கூடாது, ஆகவே வெல்டிங் வேண்டவே வேண்டாம். இஎன் 8 ரக எஃகில் ரிங், ஆறு போல்ட், சீவும்போது டிரம் சுவரின் கனத்தை முதலில் அளந்துகொள்ள வேண்டும், சுவர் மெலிந்துவிட்ட பழைய டிரம் என்றால் வேலையை எடுக்கவே கூடாது. முடிந்ததும் டயல் முள் கால் மில்லிக்குள் நிற்க வேண்டும்.

46 பல் ரிங் பழையதைவிடக் குறுக்களவில் சுமார் 40 மில்லி பெரிது. செயின் கவர் உரசும், அதை மாற்ற வேண்டும் அல்லது வெட்ட வேண்டும். செயினும் நாலு கண்ணி நீளம் வேண்டும், பழைய செயினில் நாலு கண்ணி ஒட்டுப் போடாமல் புதுசாகவே வாங்கிவிடுங்கள். மாட்டிய பிறகு சக்கரத்தை ஒரு முழுச் சுற்று சுற்றி, செயின் எந்த இடத்தில் மிக இறுக்கமாக இருக்கிறதோ அங்கே வைத்துத் தொய்வைச் சரிசெய்யுங்கள், வண்டியில் ஆள் உட்கார்ந்த நிலையில்.

இப்படிக்கு,
லேத் பட்டறைக்கார வாசகர்,
அம்பத்தூர்.