வண்டி சரியாகிவிட்டது, கண்ணு

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் நலம். ஆயாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. மாமரம் இந்த வருஷம் நன்றாகப் பூத்திருக்கிறது. மற்ற சேதியெல்லாம் அம்மா சொல்லியிருப்பாள். நான் உள்ளே வந்தால் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விடுகிறாள். உன்னோடுதான் பேசுகிறாள் என்று தெரியும், நானும் கேட்பதில்லை. ஏற்றத்தில் கார் திக்குகிறது என்று நீ சொன்னாய், வண்டியில் குறையே இல்லை என்று நான் மறுத்தேன். இது அந்த வண்டி விஷயமாக எழுதுவது.

நீ பஸ் ஏறிப் போனபிறகு ஒரு வாரம் வண்டியைத் தொடவில்லை. கோபம்தான். மாட்டுப் பொங்கல் அன்றைக்குச் சாப்பிடாமல், சாவியை டிவி மேல் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பலாமா? சரி, அதை விடு.

எட்டாம் நாள் எடுத்தேன். தருமபுரி டவுனுக்குள் ஒரு குறையும் இல்லை. நான் சொன்னதுதான் சரி என்று மனசுக்குள் ஒரு திருப்திகூட வந்தது. அப்புறம் தொப்பூர் கணவாய் இறங்கி, கீழே திருப்பிக்கொண்டு மேலே ஏறினேன். நாலாவது கியரில் ஒரு லாரியைத் தாண்ட ஆக்சிலேட்டரை மிதித்தேன். வண்டி திக்கியது. பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்து இழுத்து விடுகிற மாதிரி. இன்ஜின் லைட் விட்டுவிட்டு மின்னியது. நீ சொன்னது அத்தனையும் அப்படியே இருந்தது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தபோது எனக்கே கை நடுங்கிவிட்டது. ராத்திரி பத்து மணிக்கு, அதே ஏற்றத்தில், நீ தனியாக வந்திருக்கிறாய்.

பட்டறையில் விட்டேன். முதலில் என் பேச்சைக் கேட்டுத்தான் செய்தார்கள். ஏர் ஃபில்டர் மாற்றினோம், இன்ஜினுக்குக் காற்று விடுகிற திராட்டிலைக் கழற்றிக் கரி எடுத்தோம், பெட்ரோல் பிரஷர் பார்த்தோம். பிரஷர் சரியாக இருந்தது, திக்கல் போகவில்லை. பட்டறையில் இருக்கும் சின்னப் பையன்தான் ஸ்கேனரை மாட்டினான். பி 0303 என்று காட்டியது. மூன்றாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று அதற்கு அர்த்தம். அவன் உடனே எதையும் மாற்றவில்லை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் பொறி போடுகிற பிளக் ஒன்று, அதற்குக் கரண்ட் கொடுக்கிற காயில் ஒன்று உண்டு. மூன்றாவது காயிலைக் கழற்றி ஒன்றாவதில் போட்டான், ஒன்றாவதை மூன்றாவதில் போட்டான். மறுபடி ஓட்டிவந்து பார்த்தால் பி 0301. கோளாறு காயிலோடு கூடவே நகர்ந்துவிட்டது. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவன் நான், அந்த வயசில் எனக்கு இந்தப் பொறுமை இருந்ததில்லை.

காயிலை என் கையில் கொடுத்தான். பிளக் மேல் உட்காருகிற ரப்பருக்குள் இருக்கும் ஸ்பிரிங்கில் துரு. ரப்பரின் உள்பக்கம் தண்ணீர் காய்ந்த வெள்ளைத் தடம். பிளக்கின் பீங்கானில் மேலிருந்து கீழே பென்சிலால் கோடு போட்டது போல ஒரு கறுப்புக் கோடு. கரண்ட் முனைக்குப் போகாமல் அந்த வழியாக இரும்பில் இறங்கியிருக்கிறது. மெதுவாகப் போகும்போது சிலிண்டரில் அழுத்தம் குறைவு, பொறி எப்படியோ தாண்டிவிடும். ஏற்றத்தில் மிதித்தால் அழுத்தம் ஏறும், பொறி தாண்ட அதிக வோல்ட் வேண்டும், அப்போது கரண்ட் சுலபமான வழியில் ஒழுகிவிடும். டவுனில் ஒழுங்காக ஓடிய வண்டி தொப்பூரில் திக்கியது அதனால்தான்.

அந்தத் தண்ணீர் எப்படி உள்ளே போனது என்று உனக்குத் தெரியும், கண்ணு. ஆயுத பூஜைக்கு வாட்டர் சர்வீஸ் விட்டது நான். "பானெட்டைத் திறந்து பீய்ச்ச வேண்டாம்ப்பா" என்று நீ சொன்னாய். பூஜைக்கு இன்ஜின் பளபளவென்று இருக்க வேண்டும் என்று நான்தான் பக்கத்தில் நின்று அடிக்கச் சொன்னேன். கெடுத்தது என் கை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பெரிய மாமா முன்னால் வைத்து, "கிளட்ச் விடத் தெரியாதவளுக்கு எதற்குக் கார்" என்று கேட்டேன். கிளட்ச் தேய்ந்தால் இன்ஜின் இரையும், வேகம் ஏறாது. கிளட்ச் விடத் தெரியாவிட்டால் முதல் கியரில் கிளம்பும்போது உதறும். நாலாவது கியரில், காலைக் கிளட்சிலிருந்து எடுத்தபிறகு திக்கினால் அது கிளட்ச் விட்ட தப்பே இல்லை. நீ சொன்ன நிமிஷமே எனக்கு இது தெரியும். தெரிந்துதான் அப்படிச் சொன்னேன். மாமா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், என் வண்டியில் குறை என்று ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. நம் வீட்டில் முதல்முதலாக லைசென்ஸ் எடுத்த பெண் நீ. எட்டுப் போடும்போது கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தவன் நான். அப்படிப் பேசியிருக்கக் கூடாது.

போன ஞாயிற்றுக்கிழமை பாலக்கோடு போய் மாமாவிடம் நேரில் சொல்லிவிட்டு வந்தேன். அத்தையும் இருந்தாள்.

இப்போது புதுக் காயில் ஒன்று, பிளக் நான்கும் புதுசு. தொப்பூரில் மூன்று தடவை ஏற்றிப் பார்த்தேன், இழுவை நன்றாக இருக்கிறது. ஆனாலும் ஒன்று, இன்ஜின் லைட் மின்னினால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு ஓரம் கட்டு. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்கிற கன்வெர்ட்டரைச் சூடாக்கிப் பாழாக்கிவிடும், அது பெரிய செலவு. லைட் மின்னாமல் ஒரே சீராக எரிந்தால் மெதுவாக ஓட்டிப் பட்டறைக்குப் போகலாம். மின்னினால் ஓரம் கட்டு. இறக்கத்தில் நியூட்ரல் போடாதே, கியரிலேயே இறங்கு. இரட்டைப் பாலம் பக்கம் லாரிக்குப் பின்னால் ஒட்டாதே. ராத்திரி வேண்டாம், விடிந்ததும் கிளம்பு. லைட் மின்னினால் ஓரம் கட்டிவிட்டு எனக்குப் போன் பண்ணு. எந்த நேரமானாலும் நான் எடுப்பேன். பேச வேண்டும் என்றில்லை, எங்கே நிற்கிறாய் என்று மட்டும் சொன்னால் போதும்.

பழைய காயிலைத் தூக்கிப் போடவில்லை. டிவி மேல் சாவிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், நீ வந்தால் பார்க்கலாம். வர முடியாது என்றால் வண்டியை நானே கோயம்புத்தூர் கொண்டுவந்து விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பிவிடுகிறேன். எந்த ஞாயிறு தோது என்று அம்மாவிடமாவது சொல்லி அனுப்பு.

இப்படிக்கு,
அப்பா