உயரமான பிள்ளைகளை அணிக்குத் தேர்ந்தெடுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு

கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல், கரூர் மாவட்டப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு வணக்கம்.

கையுந்துபந்துக்கும் கூடைப்பந்துக்கும் ஆள் எடுக்கையில், நெடுநெடுவென வளர்ந்து கைகளும் விரல்களும் நீண்டிருக்கும் பிள்ளையின் மேல்தான் உங்கள் பார்வை முதலில் விழும். அப்படிப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் நல்ல உடல்நலம் உள்ளவர்களே. ஆயினும் மிகச் சிலருக்கு அந்த உடல்வாகே மார்ஃபான் என்னும் இணைப்புத் திசு நோயின் அடையாளமாக இருக்கக்கூடும் என்பதால், களத்தில் இறக்கும் முன் அவர்களைச் சற்றுக் கவனித்துப் பார்க்க வேண்டுகிறேன்.

எலும்பு, மூட்டு, கண், இரத்தக்குழாய் அனைத்தையும் தாங்கிப் பிணைத்திருப்பது இணைப்புத் திசு. அதன் நுண்ணிழைகளை ஆக்கும் ஃபிப்ரில்லின் புரதத்துக்கான மரபணுவில் உள்ள பழுதே இந்நோய்க்குக் காரணம் என்று 1991-இல் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 5,000 பேரில் ஒருவருக்கு இது உண்டு. தாய் தந்தையரில் ஒருவருக்கு இருந்தாலே பிள்ளைக்கு வரப் பாதி வாய்ப்பு உண்டு; குடும்பத்தில் எவருக்கும் இல்லாமல் புதிதாகத் தோன்றுவதும் உண்டு. ஆகவே, சொந்தத்தில் கட்டியதால் வந்த வினை என்று பெற்றோரைப் பழிக்க இதில் இடமே இல்லை.

இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியின் சுவர் வலுவிழந்து, எந்த நோவும் காட்டாமல் ஆண்டுக்காண்டு விரிந்துகொண்டே போவதுதான் இந்நோயின் பெரிய ஆபத்து. கடும் பயிற்சியில் இரத்த அழுத்தம் ஏறும்போது அது கிழிந்துவிடலாம். 1984 ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அமெரிக்கக் கையுந்துபந்து வீராங்கனை ஃப்ளோ ஹைமன், 1986 ஜனவரியில் ஜப்பானில் ஒரு போட்டியின்போது சரிந்து விழுந்து இறந்தார். அவருக்கு வயது 31. மார்ஃபான் இருந்தது பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது.

விரித்த கைகளின் நீளம் உயரத்தைத் தெளிவாக மிஞ்சுவது, கட்டைவிரலை உள்ளே மடக்கிக் கையை மூடினால் அதன் நகம் முழுவதும் மறுபுறம் வெளியே நீட்டுவது, நெஞ்செலும்பு குழிந்தோ புடைத்தோ இருப்பது, முதுகெலும்பு வளைந்திருப்பது, சிறு வயதிலேயே கடுமையான கிட்டப்பார்வை ஆகியவற்றுள் ஒன்று மட்டும் இருப்பது நோயாகாது. சில சேர்ந்து தெரிந்தாலோ, இளவயதில் திடீரென மாண்டவர் குடும்பத்தில் இருந்தாலோ, பெற்றோரைத் தனியே அழைத்துப் பேசி, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புங்கள். ஊசி, வலி எதுவும் இல்லாத எக்கோ பரிசோதனையே பெருநாடியின் அளவைக் காட்டிவிடும். விரிவின் வேகத்தைத் தணிக்க மாத்திரைகள் உள்ளன. கிழியும் முன்பே அறுவை செய்து சீராக்கவும் முடியும்.

நோய் உறுதியானால் அந்தப் பிள்ளையை மைதானத்தை விட்டே துரத்திவிடாதீர்கள். மருத்துவர் அனுமதிக்கும் அளவு நடக்கட்டும், மெல்ல விளையாடட்டும், நடுவர் பணி கற்கட்டும். அணித் தேர்வுப் படிவத்தில் கைவிரிப்பின் அளவுக்கும் குடும்பத்தின் இதயநோய் வரலாற்றுக்கும் இந்த ஆண்டே இடம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.