ஊர் வந்தவர் ரத்தம் கொடுக்கலாமா?

ஆசிரியருக்கு,

போன வாரம் எங்கள் ஊரில் நடந்த ரத்த தான முகாமுக்கு, கல்யாணத்துக்காக மலேசியாவிலிருந்து வந்திருக்கும் என் தம்பி ஆசையாகப் போனான். வந்து பத்து நாள்தான் ஆகிறது என்றதும் 'இப்போது வேண்டாம்' என்று அனுப்பிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. தனக்கு ஏதோ நோய் என்று பயந்து அன்றிரவு அவன் தூங்கவே இல்லை.

மலேசியா மாதிரி டெங்கு பரவியுள்ள இடத்துக்குப் போய் வந்தவர், காய்ச்சலே இல்லாவிட்டாலும் 4 வாரம் காத்திருக்க வேண்டும் என்கிறது தேசிய ரத்த மாற்றுக் குழுமத்தின் 2017 வழிகாட்டுதல். கொசுவால் வரும் ஜிகா வைரஸ் பரவும் இடம் என்றால் 4 மாதம். கிருமி ரத்தத்தில் இருந்தும் அறிகுறி தெரியாமல் போகலாம். அந்த ரத்தம் பிரசவத்திலோ விபத்திலோ கிடப்பவருக்குத்தானே போகிறது! மலேரியா வந்து குணமானவர்களும் 3 மாதம் பொறுக்க வேண்டும்.

செட்டிநாட்டில் வெளிநாட்டு உறவு இல்லாத வீடு குறைவு. முகாம் நோட்டீஸில் 'சமீபத்தில் வெளிநாடு போய் வந்தீர்களா?' என்று ஒரு வரி போடுங்கள். அப்புறம், திருப்பி அனுப்பும்போது எந்தத் தேதிக்குப் பிறகு வரலாம் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். தம்பி இன்னும் ஒரு மாதம் இங்கேதான் இருப்பான். நாள் முடிந்ததும் நானே கூட்டிப் போகிறேன்.

ஒரு வாசகி,
காரைக்குடி