மூன்றாம் பருவ நிறைவு: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

முழு ஆண்டுத் தேர்வுகள் நல்லபடியாக முடிந்தன. தொடக்க வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பிலும் கணக்கிலும் நல்ல முன்னேற்றம் காட்டியிருக்கிறார்கள். எட்டாம் வகுப்பில் பலர் தேசிய வருவாய் வழித் திறன் தேர்வை ஆர்வத்தோடு எழுதினார்கள். விளையாட்டு விழாவும் ஆண்டு விழாவும் உங்கள் ஒத்துழைப்பால் சிறப்பாக நடந்தன. ஆசிரியர்களுக்கும் காலை உணவு, மதிய உணவு சமைத்துத் தந்த அம்மாக்களுக்கும் பள்ளியின் பாராட்டுகள். விடுமுறையில் பிள்ளைகளைக் கிணற்றுக்கோ பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு) வாய்க்காலுக்கோ தனியாக அனுப்பாதீர்கள்.

இத்துடன் இன்னொரு விஷயமும் உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது. பள்ளி வாசலில் இருபுறமும் நிற்கும் மேபிளவர் (குல்மோகர்) மரங்களைப் பற்றியது.

சென்ற மாதம் ஒரு விடுமுறை நாளில், வலப்பக்க மரத்தின் கிளைகள் அத்தனையும் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே அரிவாளால் வெட்டப்பட்டன. யார் செய்தது என்று இங்கே எழுதப்போவதில்லை. கெட்ட எண்ணத்தில் யாரும் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். அதற்குச் சில நாள் முன்புதான் காய்ந்த கிளை ஒன்று முறிந்து, பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் ஆட்டோக்கள் நிற்கும் இடத்தில் விழுந்தது. நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. ஆடிக் காற்றுக்கு இந்த மரம் தாங்குமா என்று நீங்கள் கேட்பதும் நியாயமான கேள்வி. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றை நம்பித்தானே உடுமலை, பல்லடம் பக்கமெல்லாம் காற்றாலைகள் நிற்கின்றன. அந்தக் காற்றின் வேகம் உங்களுக்குத் தெரியாததல்ல. மேபிளவர் லேசில் முறியும் மரம் என்பதும் உண்மைதான்.

ஆனால் மரத்தை மொட்டையடித்தால் அந்த ஆபத்து குறைவதில்லை, கூடுகிறது. இதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இப்போது வாசலில் நின்று பாருங்கள். இடப்பக்க மரம் குடை விரித்தாற்போல் பூத்து நிற்கிறது. வலப்பக்க மரத்தில் ஒவ்வொரு மொட்டைக் கிளையின் விளிம்பிலும் கொத்துக் கொத்தாகத் துளிர் கிளம்பியிருக்கிறது. பார்த்தவர்கள் "மரம் நல்லா தழைஞ்சிருச்சுங்க சார்" என்கிறார்கள். அந்தத் துளிர்களில் ஒன்றை இரண்டு விரலால் பிடித்து லேசாக இழுத்தால் பட்டையோடு கையில் வந்துவிடும். இயல்பாக வளர்ந்த கிளையின் அடி தண்டின் கட்டைக்குள் ஆழப் பதிந்திருக்கும். வெட்டிய பிறகு அவசரமாகக் கிளம்பும் துளிர் பட்டையை ஒட்டித்தான் நிற்கும். இரண்டு மூன்று ஆண்டுகளில் இவையெல்லாம் நீண்ட கிளைகளாகிவிடும். அடியில் பிடிப்பு போதாது, உள்ளே வெட்டுவாயிலிருந்து உளுத்துக்கொண்டும் வரும். அப்போது வரும் ஆடிக் காற்றுதான் எனக்குக் கவலை.

இன்னொன்றும் கவனியுங்கள். சாலைப்பக்கக் கிளையை மேலிருந்து ஒரே வீச்சில் வெட்டியதால், கிளை விழும்போது பட்டையைக் கிழித்துக்கொண்டு வந்திருக்கிறது. அடிமரத்தில் முழங்கை நீளத்துக்கு உரிந்து, வெள்ளைக் கட்டை தெரிகிறது. நிழலிலேயே இருந்து பழகிய பட்டைமேல் இந்தச் சித்திரை வெயில் நேராக விழுந்து, மேற்குப் பக்கம் வெடிக்கவும் தொடங்கிவிட்டது.

"முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும் என்பார்களே" என்று ஒரு பெற்றோர் கேட்டார். நல்ல கேள்வி. கவாத்து, அதாவது கிளை கழித்து வளர்ப்பது, எனக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டிய வேலை. மூலனூர்ப் பக்கம் முருங்கையையும், உடுமலைப் பக்கம் பட்டுப்புழுவுக்கு மல்பெரியையும் வெட்டி வெட்டித்தான் வளர்க்கிறோம். அங்கே நமக்கு வேண்டியது இளந்தளிரும் இலையும் கைக்கு எட்டும் காயும். எவ்வளவு துளிர் வருகிறதோ அவ்வளவு லாபம். முருங்கை முறிந்து விழுந்தாலும் அடியில் யாரும் நிற்பதில்லை. அழகுக்கும் நிழலுக்கும் வைத்த மரத்தின் அடியிலோ நம் பிள்ளைகள் நிற்கிறார்கள். இதற்குக் கவாத்து வேறு.

பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி முடிவு செய்ததைச் சொல்கிறேன். காய்ந்த கிளையை எந்த மாதத்திலும் எடுக்கலாம் என்பதால், இடப்பக்க மரத்தில் அதை இப்போதே எடுத்துவிட்டோம். மற்ற வேலையெல்லாம் பூ ஓய்ந்து வரும் மே கடைசி வாரத்தில். பள்ளி திறக்கும் முன், காற்று பலமாகும் முன் முடிந்துவிடும். கூடு இருக்கும் கிளையைக் குஞ்சு பறக்கும்வரை தொடமாட்டோம்.

நோய் கண்ட கிளைகள், ஒன்றோடொன்று உரசும் கிளைகள், கூர்மையான கவட்டையில் பட்டை உள்ளே மடிந்து இறுகாமல் நிற்கும் கிளைகள் ஆகியவை முதலில் போகும். வெளியே மிக நீண்டு கனம் தொங்கும் கிளைகளை, பக்கக் கிளை பிரியும் இடம்வரை மட்டும் குறைப்போம். மொத்தத் தழையில் கால் பங்குக்கு மேல் ஒரே ஆண்டில் எடுக்கப்போவதில்லை, ஏனென்றால் மரத்துக்குச் சாப்பாடு இலையிலிருந்துதான் வருகிறது. வேன் உரசுகிறது என்று சொன்ன தாழ்ந்த கிளைகளையும் இரண்டு மூன்று ஆண்டுகளில் படிப்படியாக எடுத்துவிடுவோம்.

வெட்டுவது ரம்பத்தால்தான், அரிவாளால் அல்ல. கிளை தண்டோடு சேரும் இடத்தில் சற்றுத் தடித்து வளையம்போல் புடைத்திருக்கும். மரத்தின் காயம் மூடுவது அந்த வளையத்திலிருந்துதான். அதனால் தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி முதலில் கீழ்ப்பக்கம் பாதிக்கும் குறைவாக ஒரு வெட்டு. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது வெட்டு. இப்போது கிளை பட்டையைக் கிழிக்காமல் விழும். மிச்சமுள்ள கட்டையை வளையத்துக்கு வெளியே, அதைத் தொடாமல் மூன்றாவதாக அறுக்க வேண்டும். தண்டோடு ஒட்டச் சீவவும் கூடாது, முளைக்குச்சிபோல் நீட்டி விடவும் கூடாது.

வெட்டுவாயில் தார் பூச வேண்டாமா என்று கேட்கிறீர்கள். வேண்டியதில்லை. அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்துச் சொன்னது இது: மரம் தன் புண்ணை நம் தோல்போலப் புதுச் சதை வைத்து ஆற்றிக்கொள்வதில்லை. புண்பட்ட பகுதியைச் சுற்றித் தடுப்பு எழுப்பி, அதை ஒதுக்கிவைத்துவிட்டு மேலே வளர்கிறது. பூச்சு உளுப்பதைத் தடுப்பதில்லை. சரியான இடத்தில் வெட்டுவதுதான் மருந்து.

வலப்பக்க மரத்தையும் கைவிடப்போவதில்லை. துளிரையெல்லாம் ஒரேயடியாக வழிக்காமல், ஒவ்வொரு மொட்டைக் கிளையிலும் நல்ல இடத்தில் நிற்கும் ஒன்றிரண்டை விட்டு மற்றவற்றை ஆண்டுக்குக் கொஞ்சமாகக் குறைப்போம். பழைய வடிவம் வரச் சில ஆண்டுகள் ஆகும்.

மேபிளவர் மடகாஸ்கரிலிருந்து வந்த மரம், அது நமக்கெதற்கு, வேம்போ புங்கனோ வைத்திருக்கலாமே என்று சிலர் சொல்கிறீர்கள். இனி நடுவதானால் புங்கன்தான் நடுவோம், அதில் எனக்கும் உங்களுக்கும் ஒரே கருத்து. ஆனால் நம் பிள்ளைகள் பூமொட்டைப் பிரித்து, மகரந்தக் காம்புகளைக் கோத்து இழுத்துச் சண்டைவிட்டு விளையாடுவது இந்த மரங்களின் கீழ்தான். உங்களில் இங்கே படித்த பலரும் விளையாடியிருப்பீர்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளி வளாகத்தில் நிற்கும் மரம் அரசுச் சொத்து. அதை வெட்டுவதற்கு முறையான அனுமதி வேண்டும். பள்ளிக்குத் தெரியாமல் இனி யாரும், எந்தக் காரணத்துக்காகவும், எந்த மரத்திலும் அரிவாள் வைக்கக் கூடாது. ஆட்டுக்குத் தழை வேண்டும் என்று தொரட்டி போடுவதும், விளம்பரத் தட்டி கட்ட ஆணி அடிப்பதும் கம்பி முறுக்குவதும் இதில் சேரும். இன்னொரு முறை நடந்தால் நான் மேலிடத்துக்கு எழுத்தில் தெரிவிப்பேன். அப்போது வந்து வருத்தப்படுவதில் பயன் இருக்காது. கிளை ஆபத்தாகத் தெரிந்தால் என்னிடமோ மேலாண்மைக் குழுவினரிடமோ சொல்லுங்கள், அன்றே வந்து பார்க்கிறோம். மின்கம்பி பக்கம் போகும் கிளையை மின்வாரிய ஆட்கள்தான் தொட வேண்டும்.

இதைக் கடுமையாக எழுதியதற்கு யாரும் மனம் வருந்த வேண்டாம். முறிந்த கிளையைப் பார்த்ததும் பிள்ளைகளை நினைத்துப் பதறியவர்கள் நீங்கள். மழை பொய்த்த கோடையில் டிராக்டரில் தண்ணீர் கொண்டுவந்து இந்த மரங்களுக்கு ஊற்றியவர்களும் நீங்கள்தான். அந்த அண்ணன்மார்களுக்கும், நிழலில் சாணம் தெளித்துப் பெருக்கிக் கோலமிட்டுவரும் அம்மாக்களுக்கும் பள்ளி கடமைப்பட்டிருக்கிறது. கவாத்து தெரிந்த விவசாயிகள் மே கடைசி வாரத்தில் வந்து கூட நின்றால் பெரிய உதவி. நாள் உறுதியானதும் வகுப்பாசிரியர்கள் தெரிவிப்பார்கள். அன்று ஆட்டோக்களையும் வேன்களையும் பிள்ளையார் கோயில் பக்கம் நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஜூனில் பிள்ளைகளோடு சந்திப்போம்.

மிக்க நன்றியுடன்,
தலைமையாசிரியர்